கேட்ட தடவை

ஹாசிந்தா ஓயார்சுன் பதினோரு வருடம் கழித்து
எழுதியிருந்தாள்:
என் பாட்டுப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது,
தபாலில் அனுப்பு.

நலமா என்றுகூட இல்லை.

இருந்தது.
மழையே பெய்யாத அந்தோஃபகாஸ்தாவில்
மழைக்கோட்டு எதற்கு என்று விட்டுப்போனாளே,
அதன் உள்பையில்,
உருகி உறைந்த ஒரு மிட்டாயோடு.
சீட்டுக்கட்டு அளவு. முதுகெல்லாம் கீறல்.
மின்சாரம் கொடுத்ததும் உள்ளே ஏதோ
தொண்டையைச் செருமியது.

அனுப்பலாம். அதற்கு முன் எனக்கொரு பிரதி.
அவள் பாதி வாடகை தராத மூன்று மாதத்துக்கு
இது வட்டி என்று வைத்துக்கொண்டேன்.

கணினியில் செருகினால் கேட்கிறது:
இந்தக் கருவி வேறொரு கணினிக்குப் பழகியது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?
ஆம் என்பதுதான் நீலத்தில் மின்னியது.
சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு
அடுப்படியில் போய் நின்றேன் சற்று நேரம்.
வெளியே புந்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரையை ஆணி ஆணியாக
எண்ணிக்கொண்டிருந்தது.

நண்டுத் தொழிற்சாலைக்கு எதிரே கடை வைத்திருக்கும் மிர்கோ
போனில் சிரித்தான்.
அதற்கு வாங்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது,
அப்படித்தான் செய்து விற்றார்கள்.
வேண்டாம் என்று அமுக்கு.
ஒளிந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்.

காட்டியது.
ஐம்பது உறைகள், ஒவ்வொன்றிலும் நாற்பது பாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக.
ஒன்றுக்கும் பெயரில்லை. நான்கு நான்கு எழுத்து,
விசைப்பலகையில் பூனை நடந்ததுபோல.
பயப்படாதே என்றான் மிர்கோ,
பெயர் உள்ளே இருக்கும்,
பள்ளிக்கூடச் சட்டைக் காலருக்குள் தைத்திருப்பார்களே, அப்படி.

இரவு பத்தாகியும் இருட்டாத டிசம்பர்.
நீலக்கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில்
இரண்டு மட்டும் வர மறுத்தன.
நான் வற்புறுத்தவில்லை.

கருவியின் பட்டியலைத் திறந்தபோதுதான்
ஓரத்தில் அந்தப் பத்தியைப் பார்த்தேன்:
கேட்ட தடவை.

நான் கேட்டால் முகம் சுளிப்பாளே அந்த டிஸ்கோ,
நானூற்றுப் பன்னிரண்டு.
பல் தேய்க்கும்போது முணுமுணுப்பது, தொண்ணூற்றேழு.
புவெர்த்தோ நத்தாலேஸ் பேருந்து நிறுத்தத்தில்
குறுந்தகடு விற்றவனிடம் பேரம் பேசாமல் வாங்கி
அவள் பிறந்தநாளுக்கு நான் கொடுத்த அக்கார்டியன் வால்ட்ஸ்,
என் உயிர்ப் பாட்டு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாளே,
அது

பூஜ்யம்.

அழித்துவிடவா என்று இப்போது கேட்டிருந்தால்
ஆம் என்றிருப்பேன்.

மிர்கோவை மறுபடி எழுப்பினேன்.
கடைசிவரை ஓடினால்தான் கணக்கில் ஏறும்,
பாதியில் தாண்டினால் சேராது, தூங்கு, என்றான்.

அப்படியென்றால் அவள் நூறு தடவை பாதி கேட்டிருக்கலாம்.
ஒரு தடவைகூடக் கேட்காமலும் இருந்திருக்கலாம்.
இரண்டுக்கும் இந்தப் பெட்டி வைத்திருப்பது
ஒரே எண்தான்.

காதில் மாட்டி ஓடவிட்டேன்.
மூன்றாம் நிமிடத்தில் விரல் தானாக
அடுத்த பாட்டுக்குப் போகப் பார்த்தது.
எனக்கும் இதன் முடிவு தெரியாது,
கொடுத்தவளுக்கு.

வால்ட்ஸ் நின்ற பிறகும் பாட்டு முடியவில்லை.
நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள்.
பஸ் போய்விடும், சீக்கிரம், என்றது ஒரு பெண்குரல்.
துருத்தியை மடக்கினால் வரும் நீண்ட மூச்சு.
அப்புறம் நாற்பது வினாடி வெறும் அறை.
உட்கார்ந்திருந்தேன்.

பூஜ்யம் மாறியது.

காலையில் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு
முனையில் காற்றுக்காகக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தபடி
தபால் நிலையம் போனேன்.
படிவத்தில், பொருள்: பழைய பாட்டுப் பெட்டி.
மதிப்பு:
ஒன்றுமில்லை என்று எழுத ஆரம்பித்து
ஒன்று என்பதோடு
நிறுத்திக்கொண்டேன்.