கூட்டல் ஆறு

முப்பத்தொரு வருடம் மோகோச்சா ஸ்டேஷனில்
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து
நான் விற்றது டிக்கெட் பாதி, கணக்கு பாதி.
"இதில் போட்டிருப்பது மாஸ்கோ நேரம்.
ஆறு கூட்டிக்கொள்ளுங்கள்."
ஒரு கையின் ஐந்து விரல், மறு கையின் கட்டைவிரல்.
தூக்கிக் காட்டுவேன்.
அந்தப் பக்கம் தலையாட்டுவார்கள்.

தலையாட்டிய சிலர் வீட்டுக்குப் போய்க் கழித்தார்கள்.
பன்னிரண்டு மணி நேரம் முன்னதாக வந்து
மூட்டை மேல் உட்கார்ந்து ஊறுகாய் வெள்ளரி தின்றார்கள்.
மணியைக் கூட்டித் தேதியைக் கூட்டாதவர்கள்
ஒரு நாள் முன்னதாக வந்தார்கள்.
மரம் வெட்டும் ப்ரோகோர் மட்டும் வண்டியை விட்டார்.
நான் கூட்டி எழுதிக் கொடுத்த சீட்டில்
அவர் மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று,
இன்னொரு முறை ஆறு கூட்டிவிட்டாள்.

ஜனவரி நண்பகல். வெளியே மைனஸ் நாற்பது.
பனிமேல் வெயில் கண்ணைக் கூசும்.
உள்ளே சுவர்க் கடிகாரம் சொல்லும்:
காலை ஆறு, இன்னும் விடியவில்லை.
நாங்கள் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
யாரோ கொட்டாவி விடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம்.

என் கணவர் யெரெமெய் சரக்கு வண்டி ஓட்டியவர்.
க்ஸெனியெவ்ஸ்காயா தாண்டி, எஞ்சினுக்குள்ளேயே,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.
டாக்டர் எழுதியது: புதன், அதிகாலை மூன்று பத்து.
எஞ்சின் பதிவேட்டில்: செவ்வாய், இரவு ஒன்பது பத்து.
இரண்டும் சரி.
பென்ஷன் ஆபீஸ் பெண் இரண்டு தாளையும் அருகருகே வைத்து
"ஒரு ஆள் ஒரு தடவைதானே அம்மா சாக முடியும்" என்றாள்.
செவ்வாயைப் போட்டார்கள்.
புதன்கிழமையின் மூன்று மணி பத்து நிமிடம்
அவர் யாருக்காக ஓட்டினார் என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு இரண்டாயிரத்துப் பதினெட்டில் உத்தரவு வந்தது.
ஆகஸ்ட் முதல் தேதி பூஜ்ய மணியிலிருந்து
எல்லா ஸ்டேஷனிலும் அந்தந்த ஊர் நேரம்.
ஸ்டேஷன் மாஸ்டர் குஸ்மா மூன்று தடவை படித்துவிட்டு
என்னிடம் கேட்டார்: "யாருடைய பூஜ்யம்?"
சீத்தாவுக்குப் போன் போட்டார்.
மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.
எங்கள் நள்ளிரவு வந்துவிட்டது.
அவர்களுடையது வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.
பதில் மட்டும் இரண்டுக்கும் வரவில்லை.

குஸ்மா ஏணி எடுத்து வந்தார்.
நான் பிடித்துக்கொண்டேன்.
பெரிய முள்ளை ஆறு சுற்று சுற்றினார்.
இத்தனை வருட நள்ளிரவுகளில்
ஆறின் மேல் தலைகீழாய்த் தொங்கிய சின்ன முள்
மெல்ல ஏறி
பன்னிரண்டில் நிமிர்ந்து நின்றது.
"சத்தம் போடுகிறதே" என்றார் குஸ்மா.
எண்ணெய் போட வேண்டும் என்றேன்.

பழக்கம் போகவில்லை.
அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு
ஆறு விரலைத் தூக்கிக் காட்டினேன்.
"ஆறு டிக்கெட்டா? எனக்கு ஒன்று போதும்."

இன்று பட்டாளத்துக்குப் போகிற பையன் ஒருவன்,
காது மட்டும் பெரிதாக, மீசை இன்னும் வரவில்லை,
டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்கிறான்.
அக்காவுக்குப் போன் பேச வேண்டுமாம்.
மாஸ்கோவில் இப்போது மணி என்ன?

கூட்டியே பழகியவள் நான்.
சுவரைப் பார்த்தேன். காலை பத்து.
பத்து விரலையும் கண்ணாடிமேல் விரித்து வைத்து
ஒவ்வொன்றாக மடக்கினேன்.
ஆறை மடக்கியதும் நாலு மிஞ்சியது.

நாலுதான் தம்பி ஆகிறது அங்கே.
தூங்கட்டும், விடு.