உறவு: தூண்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில்
ஒரு கட்டம் காலியாய்க் கிடந்தது:
உடன் குடியிருப்பவர் பெயர். உறவு.

"தனியாளா வந்தா வரிசையில நிறுத்த முடியாதுக்கா,
இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க"
என்றாள் வீவக முகப்பில் நூருல்ஹூதா.
தமிழ் எங்கே கற்றாளோ, குரலில் கனிவு.
விதியில் அது எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் அடுத்த எண் ஒளிர்ந்துவிட்டது.

என் அடையாள அட்டை இன்னும்
அங் மோ கியோவில் குடியிருக்கிறது.
அந்த வாசலில் இப்போது யாரோ ஒரு பிள்ளையின்
மூன்று சக்கர சைக்கிள்.
வீடு விற்றவள் என்கிறது கோப்பு.
விற்ற காசு யார் கடனுக்குப் போனதென்று
கோப்பு கேட்பதில்லை.

பதினோரு மாதம் புளோக் கீழ்த்தளத்தில் உறங்குகிறவளுக்கு
யாரைத் தெரியும்?
இரண்டு மணிக்கு டார்ச் அடிக்கும் காவலர்.
ஐந்தே காலுக்குக் குழாய் திறக்கும் ஆலம்கீர்.
அப்புறம், தூணுக்கு அந்தப் பக்கம்
அட்டை விரித்து, இடியாய்க் குறட்டை விடும்
சீனத்தி.

அவள் பெயர் குவெக் சியூ ஹூன் என்பது
கையெழுத்துப் போட்ட அன்றுதான் தெரிந்தது.
உறவு என்ற இடத்தில்
"தூண்" என்று எழுதினேன்.
நூருல்ஹூதா சிரித்து, அடித்து,
"நண்பர்" என்று போட்டாள்.

ஜாலான் குக்கோ. ஒன்பதாம் மாடி. ஓரறை.
முதல் வேலையாய் சியூ ஹூன்
சிவப்பு டேப் ஒட்டினாள் தரையில், சுவர் முதல் சுவர் வரை.
சன்னல் அவளுக்கு. சுவிட்சு எனக்கு.
அடுப்பின் மேலும் கோடு போயிருக்கும்,
டேப் தீர்ந்துவிட்டது.

"தூத்துப் லம்பு?" என்றேன், எங்களிடம் இருந்த
அரைகுறை மலாயில்.
அவள் பதில் சொல்லவில்லை.
கீழே விளக்கு அணைந்ததே இல்லை எங்களுக்கு.
எரியட்டும் என்று விட்டேன்.
இருவரும் கூரையைப் பார்த்துக் கிடந்தோம்.

நாடாளுமன்றத்தில் எங்களைப் போன்றவர்களைப் பற்றி
பேச்சு நடந்ததாம்; வானொலி சொன்னது.
பரிசீலிக்கிறார்களாம்.
சோறு குழைந்துவிட்டது, அடுப்பை அணைத்தேன்.

மூன்று வாரம் அவளிடமிருந்து ஒரு குறட்டை இல்லை.
நேற்று நடுநிசியில்
டேப்புக்கு அப்பால் பாய் மட்டும்.

மின்தூக்கியில் இறங்கிப் போனேன்.
தூணுக்கு அந்தப் பக்கம், அட்டைமேல்,
செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவள்.
இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.
சிமெண்டு சில்லென்று இருந்தது.

இரண்டு மணி. டார்ச்.
இந்தப் புளோக்கின் காவலர் புதியவர், சின்ன வயது.
"வீடு இல்லையா ஆன்ட்டி?"
"இருக்கு. ஒன்பதாவது மாடி."
சாவியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.
"அப்புறம்?" என்றார்,
குறிப்பேட்டைத் திறந்தபடி.

சியூ ஹூன் குறட்டை விட்டாள்.