பி கம்பெனி பெயரேடு

குதிரை ஓடிய மைதானம், ஃபேரர் பார்க்.
புல்லில் குந்தியிருந்தோம்.
ஒலிபெருக்கி மூன்று மொழி பேசியது,
அதில் நம்முடையது இல்லை.
நாயக் மீரா மொய்தீன் காதைச் சாய்த்துக் கேட்டுச்
சொன்னான்: நம்மை ஒப்படைத்துவிட்டார்களாம்.
யார், யாரிடம் என்று
எவனும் கேட்கவில்லை. வெயில் அப்படி.

துப்பாக்கிகளை வாங்கிக் குவித்தார்கள்.
பெயரேட்டை யாரும் கேட்கவில்லை.
நான் கம்பெனி ரைட்டர்.
எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில்
காதிடுக்கில்.
ஜோகூர் ரோட்டில் விழுந்த பதினாறு பேரை
முன்பே கோடிட்டிருந்தேன், அடிக்கோல் வைத்து.
மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு.

நீசூன் முகாமில் சொன்னார்கள்:
புதுப் படையில் சேர்கிறவன் வலப்பக்கம்,
சேராதவன் இடப்பக்கம்.
ஏட்டை விரித்து வைத்துக்கொண்டேன்.

சுபேதார் நாகப்ப ரெட்டி இடப்பக்கம் நடந்தார்.
இருபத்தாறு வருஷம் தின்ற உப்பு, என்றார்.
அந்த உப்பு எங்கம்மா மரக்காணத்தில் வாரியது ஐயா,
என்றான் சவரிமுத்து, வலப்பக்கமிருந்து.
இருளாண்டி போனது பூட்ஸுக்காக.
காரணம் எழுத இடமிருக்கா என்று எட்டிப் பார்த்தான்.
இல்லை.

தாவீதும் இஸ்ரவேலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்.
இருவருக்கும் ஒரே கொசுவலை.
ஓரிரவு அடித்தொண்டையில் வாக்குவாதம்.
விடிந்தபோது வலை இரண்டாக வெட்டிக் கிடந்தது.
லாபம் கொசுவுக்கு.

மறுவாரம் முள்கம்பிக்கு வெளியே
காவல் நின்றான் இஸ்ரவேல்.
கையில் நாற்பத்தொன்றாம் நம்பர் துப்பாக்கி,
தாவீது எண்ணெய் போட்டு வளர்த்தது.
உள்ளேயிருந்து தாவீது சொன்னது இவ்வளவுதான்:
போல்ட் சிக்கும், மெல்ல இழு.

பிறகு இடப்பக்கத்தைக் கெப்பல் துறையில்
கப்பலேற்றினார்கள், ஏதோ தீவுகளுக்கு.
வலப்பக்கம் ரயிலேறிப் பர்மா போயிற்று.
இரு தரப்புக்கும் ரைட்டர் தேவைப்பட்டான்;
நான் முகாமிலேயே இருந்தேன்.
வந்துசேர்ந்த துண்டுச் சீட்டுகளில்
இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாசகம்:
காய்ச்சல். காய்ச்சல். பசி. எதிரி. காய்ச்சல்.
எதிரி என்றால் எவன் என்று போடவில்லை.
கோடிட்டுக்கொண்டே வந்தேன்,
அடிக்கோல் தொலைந்தபின் வெறுங்கையால்.

நாற்பத்தைந்தில் பழைய கொடி திரும்ப ஏறியது.
மேஜையில் ஒரு காப்டன், மீசை முளைக்காதவன்:
ஒவ்வொருவனையும் தரம் பிரி.
வெள்ளை, சாம்பல், கறுப்பு.
வெள்ளையை எந்த மையால் எழுதுவது சார், என்றேன்.
சிரிக்கவில்லை.
கறுப்புப் பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடு.

புரட்டிக் காட்டினேன்.
இஸ்ரவேல் இருக்கும் தாளின் முதுகில் தாவீது.
சவரிமுத்தைக் கிழித்தால்
சுபேதாரும் கூடவே வருவார்.

சரி, நகலெடு.
எடுத்தேன். கூட்டினேன்.
வலம் அறுபத்து மூன்று, இடம் நாற்பத்தெட்டு.
ஒன்று குறைகிறதே, என்றான்.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
குறைகிறது.
மூன்றரை வருஷம் எல்லாருடைய சாவையும்
தேதி போட்டு எழுதியவன்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

வெளியே பலகைப் படியில் இஸ்ரவேல்,
பூட்ஸில்லாத கால், மடியில் பாதிக் கொசுவலை, மடித்தபடி.
ஜன்னல் வழியே கேட்டான்:
தாவீது எத்தனையாம் பக்கம்?
பத்தொன்பது.
கோடு போட்டிருக்கா என்று கேட்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினான்.

உன் பெயர் சொல், என்றான் காப்டன்.
பென்சிலை நாக்கில் வைத்தேன்.