நீர் அறியாத மீன்

செவ்வாயும் வெள்ளியும்
எலியோடோரோவின் லாரி மலை ஏறும்.
கடலோரம் உப்பு நீக்கிய தண்ணீர்
இருபதாயிரம் லிட்டர்
வளைவுதோறும் தொட்டிக்குள் புரண்டு
அவன் முதுகைத் தள்ளும்.
அட்டகாமாவில் பிறந்து நாற்பத்தாறு வருடம்.
ஐந்து முறை மழை பெய்திருக்கிறது,
ஒருமுறை அவன் தூங்கிவிட்டான்.

இந்த வெள்ளி டயர் வெடித்துத் தாமதம்.
உச்சியில் இருட்டிவிட்டது.
குழாயை மாட்டிவிட்டு
காப்பிக்காகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனான்.
யாஸ்னா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.
நீலம்.
அடுப்புச் சுடரின் அடியில் இருக்குமே,
அந்த நீலத்தில் ஒரு வால்
கிழிந்து, முடிச்சு விழுந்து, மறுபடி கிழிந்து.

"எவ்வளவு தண்ணீர் இருக்கும் இதில்?"
வேறென்ன கேட்பான் அவன்.

வால்மீன் என்றால் அழுக்குப் பனிக்கட்டி,
பெரும்பகுதி தண்ணீர் என்று
படித்துவிட்டுத்தான் அவளும் மலை ஏறினாள்.
நிறமாலையில் நீரின் தடம் நிற்கவேண்டிய இடத்தில்
மூன்று இரவாக வெறும் இரைச்சல்.
கருவிதான் பழுதென்று
வேறொரு வால்மீனுக்குத் திருப்பிப் பார்த்தாள்.
அதில் நீர் இருந்தது, வழக்கம்போல.

இதில் கொஞ்சம் நைட்ரஜன்.
மீதி ஏறக்குறைய எல்லாமே
கார்பன் மோனாக்சைடு.

அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும்.
தம்பியின் இறப்புச் சான்றிதழில் இருந்தது.
ஒரு ஜூலை மாதம், சுரங்கக் கொட்டகையில்
கதவிடுக்கில் சாக்கைத் திணித்து
கரியடுப்பைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டு
படுத்தான் நிபால்டோ.
காலையில் கன்னம் சிவந்திருந்தது,
பந்தாடிவிட்டு வந்தவனைப் போல.

"அதற்கு மணமில்லை, நிறமில்லை என்றாரே டாக்டர்?"

"நிறமில்லைதான்" என்றாள் யாஸ்னா.
"சூரியன் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப்
பறித்த பிறகு வருவது இந்த நீலம்."
சொல்லி முடித்ததும்
அவன் முகத்தைப் பார்த்தாள்.
யாருக்குச் சொன்னோம் என்று தெரியாமல்
காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான்.
வெப்பமே எட்டாத தொலைவில் உறைந்து
இத்தனை காலம் கழித்து
முதல் வெயிலுக்கு மூச்சு விடுகிறது அது.
இங்கே மூச்சிழுக்க யாருமில்லை அருகில்.
அதுவரைக்கும் சரி.

இறங்கும்போது முகப்பு விளக்கு போடக்கூடாது,
மலையின் சட்டம்.
பாதி வழியில் வண்டியை நிறுத்தினான்.
எந்தத் திசை என்று கேட்க மறந்திருந்தான்.
கண்ணுக்குத் தெரியாது என்றும்
அவள் சொல்லியிருந்தாள்.
கழுத்து வலிக்கும்வரை
எல்லாப் பக்கமும் பார்த்தான்.

மறுபடி கிளப்பியபோது
காலித் தொட்டியின் அடியில்
வடியாத இரண்டு குடம் தண்ணீர்
முன்னும் பின்னும் ஓடியது
கடற்கரை வரைக்கும்.