உப்பிடம் கேட்டது

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கனோராவில் இன்று பள்ளிப் பேருந்துகூட ஓடவில்லை.
உள்ளே ஃபர்னஸ் எரிந்து எரிந்து
காற்றை அப்பளமாக்கி வைத்திருக்கிறது.
கதவுப் பிடியைத் தொட்டால் பொறி.
ஓரெஸ்டின் கீழுதடு வெடித்திருக்கிறது.

அலமாரியில் ஐந்து கண்ணாடிச் சாடிகள்.
போன குளிர்காலம் பீட்ரூட் ஊறுகாய் இருந்தவை,
இப்போது கஞ்சா.
வீட்டுக்கு நான்கு செடி என்கிறது சட்டம்.
ஓரெஸ்டின் கால் நரம்புகளுக்கு
ராத்திரிக்கு எவ்வளவு என்று
அதற்குச் சொல்லத் தெரியாது.

செப்டம்பரில் வெட்டி
நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.
ஒன்பதாம் நாள் காம்பை வளைத்தேன், வளைந்தது.
பதினோராம் நாள் வளைத்தேன்.
சடக்.

அந்தச் சத்தத்தை நம்பிப் பிழைத்தவள் நான்.
முப்பத்தோரு வருடம் எலிவேட்டரில்
கோதுமைக்கு ஈரம் பார்த்தேன்.
ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால்
பல்லுக்குத் தெரிந்துவிடும்,
மெஷின் அப்புறம்தான்.
பதினாலரை.
ஒரு புள்ளி கூடினாலும் லாரியைத் திருப்பு.
தொப்பியைக் கழற்றிக் கெஞ்சுவார்கள்.
ரிவர்ஸ் எடுக்கும்போது சொல்வார்கள்:
இந்த டார்க்காவுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது.

கிடையாதுதான்.
ஒரே ஒரு தடவை இருந்தது.
ப்ரோகோப் ஹ்ரின்கிவ். மனைவி ஆஸ்பத்திரியில்.
பதினைந்து புள்ளி ஒன்று.
பதினாலரை என்று எழுதினேன்.
மூன்றாம் வாரம் அந்தக் குதிருக்குள் கையை விட்டேன்,
ரொட்டி அடுப்பு.
அவன் கோதுமையோடு
ஊரார் கோதுமையும் வெந்திருந்தது.

பூவும் அப்படித்தான்.
வெளியே காய்ந்தவன்போல் நடிக்கும்,
நடுத்தண்டில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும்.
சாடியில் அடைத்த பிறகு
மெதுவாக எழுந்து வெளியே வரும்.
காலையும் மாலையும் மூடியைத் திறந்து
அதை வழியனுப்ப வேண்டும்.
அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சை,
ஐம்பத்தைந்துக்குக் கீழே வெறும் வைக்கோல்.
அதிகம் காய்ந்தால் ஆரஞ்சுத் தோல் போடு என்றான்
எதிர்வீட்டு வெர்ன்.
அவன் சாடியில் இப்போது
இரண்டுமே நீலமாக இருக்கின்றன.

சாடிக்கு ஒன்றாக ஐந்து மீட்டர், பொத்தான் அளவு.
நவம்பர் முழுக்க ஐந்தும் அறுபத்திரண்டு.
எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

நேற்று மூன்றாவது மூடியைத் திறந்தேன்.
பூனை மூத்திர வாடை.
மீட்டரைப் பார்த்தேன்: அறுபத்திரண்டு.

அதனால் உப்பிடம் கேட்டேன்.
பாட்டில் மூடியில் சமையல் உப்பு,
கரையாமல், ஈர மணல்போல் ஆக நாலு சொட்டுத் தண்ணீர்.
மீட்டர்களோடு ஜிப் பையில் போட்டு மூடி
எட்டு மணி நேரம்.
உப்புக்குத் தெரிந்த எண் ஒன்றுதான், எழுபத்தைந்து.
யார் கெஞ்சினாலும் எழுபத்தைந்து.
நான்கு மீட்டர்கள் ஒத்துக்கொண்டன.
மூன்றாவது சொன்னது: அறுபத்தெட்டு.

ஏழு குறைத்துச் சொல்லியிருக்கிறது,
மாதம் முழுக்க, என் முகத்தைப் பார்த்து.

ஒரு பூவைப் பிளந்தேன்.
பிசின் மினுமினுக்கும், அது தெரியும்.
இது மினுங்கவில்லை,
பஞ்சுபோல் சும்மா இருந்தது.

ஓரெஸ்ட் நாற்காலியில் இருந்தே பார்த்தான்.
"அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடு.
மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது."
பிறகு, சத்தமில்லாமல்:
"கொஞ்சம்தானே, டார்க்கா."

கழற்றத் தொப்பி இல்லை அவனிடம்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு
சாடியை வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன்.
பனியில் விழும்போது சத்தமே இல்லை.
மூச்சு கண்ணிமையில் உறைந்தது.
திரும்பி வந்தபோது
அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

இரண்டு மணி வரை அவன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன்.
நான்கு சாடி. ஜூன் வரை.
கணக்கு இடித்தது, மறுபடி போட்டேன், மறுபடி இடித்தது.

அந்த மீட்டரை எறியவில்லை.
முதுகில் பிளாஸ்டர் ஒட்டி
'ஏழு கூட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.
பொய்தான்.
ஆனால் அளவு தெரிந்த பொய்.