போகாத முனை

ஆரல்வாய்மொழியில் ஆடி பிறந்தால்
கொட்டகைத் தகரம் ஓயாமல் பேசும்.
காற்றாலைக்காரர்களுக்கு அது பணம்.
எனக்கு,
கருவிப்பெட்டி மூடியைக் காலால் மிதித்துக்கொண்டு
வேலை பார்ப்பது.

ஆணை அலைபேசியில் வந்தது. பதினொரு பக்கம்.
இந்த வகை நாலு இருக்கை விமானம் வைத்திருப்பவர்
இருக்கை ஓடும் தண்டவாளத்தில்
ஒவ்வொரு துளையையும் அளக்க வேண்டும்.
தேய்ந்திருந்தால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும்.
தேயாவிட்டாலும்
இரண்டாவதாக ஒரு பூட்டு போட வேண்டும்.
அதுவரை தரையில்.

"இது எந்த எளவு ரூலு பிள்ளே?" என்றார் ரசலையன்.
குலசேகரத்தில் ரப்பர், கருங்கல்லில் முந்திரி,
ஆசைக்கு இந்த விமானம்.
"எஞ்சின் பழுதா? றெக்கை பழுதா?
குண்டி வைக்குத சீட்டுக்கு ஒண்ணே முக்கால் லட்சமா?
சனிக்கிழமை நாலு பார்ட்டி உண்டு,
முட்டம் வர காட்டிட்டு வரணும்.
நீ ஒப்பு போடு. மத்தத பொறவு பாக்கலாம்."

பதில் சொல்ல முடியாது. வாயில் டார்ச்.
மல்லாந்து இருக்கைக்கு அடியில் கிடந்தேன்.
கையில் பென்சில் நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி.
பச்சை முனை துளைக்குள் போக வேண்டும்.
சிவப்பு முனை போகக் கூடாது.
பதினொரு பக்கமும் இவ்வளவுதான்.

முதல் துளை: போகவில்லை.
இரண்டு: போகவில்லை.
புதுக் காசு மாதிரி விளிம்பு.
என் உயரத்தில் ஒருவரும்
இதை ஓட்டியதில்லை போல.
மூன்று. நான்கு.
ஐந்தாவதில்
சிவப்பு முனை
கேட்காமல் உள்ளே போயிற்று.

அவருடைய துளை.
ஆறு வருடம், தொண்ணூறு கிலோ,
வட்டம் முட்டையாகிக் கிடந்தது.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி:
'தரையை விட்டு எழும்பும் வேளையில்
இருக்கை பின்னோக்கி நழுவியதாகத் தெரியவருகிறது.'
எந்த ஊர் என்று இல்லை.
எவர் என்று இல்லை.
நழுவுகிற மனிதன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான்.
அகப்படுவது கட்டுப்பாட்டுப் பிடி.
அதுவும் அவனோடு பின்னால் வரும்.
மூக்கு வானத்தைப் பார்க்கும்.
அப்புறம் வானம் தாங்காது.
'தெரியவருகிறது' என்று முடிப்பதற்கு முன்
எத்தனை சொல்லை எழுதி எழுதி
அடித்தாரோ அந்த அதிகாரி.

"ஏறி உக்காருங்க அண்ணா."
ஏறினார். வாரைப் போட்டார்.
டக்கென்று பூட்டு விழுந்தது.
"கேட்டியா? கல்லு மாதியாக்கும்," என்றார்.

முன்னால் குனிந்து
இருக்கைச் சட்டத்தில் கால் வைத்து
ஒரே உதை.

ஒரு சாண். ஒன்றரைச் சாண்.
"எம்மோ!"
பிடி அவர் நெஞ்சுவரை வந்திருந்தது.
கால்கள் இரண்டும் மிதிகளைத் தேடின.
வெளியே வாலின் மடல்
மேல்நோக்கித் தூக்கி நின்றது.
இஞ்சின் ஓடவில்லை, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறது,
தரை அங்கேயேதான் இருக்கிறது.
ஆனாலும் பிடியை விடவில்லை.
தகரம் பேசிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் போனபின்
நெஞ்சில் பிடித்தபடியே கேட்டார்:
"அந்த ரெண்டாவது பூட்டு
எனக்கு மட்டும் போருமா,
பக்கத்து சீட்டுக்கும் வேணுமா?"

சனிக்கிழமைப் பார்ட்டிகளுக்கு அவரே போன் செய்தார்.
காற்று கூடுதல் என்று பொய் சொன்னார்.
காற்றும் கூடுதல்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
இடது இருக்கை, ஐந்தாம் துளை, வரம்பு மீறிய தேய்வு.
பறக்கத் தகுதியில்லை.
கீழே என் ஒப்பு. சகாய ஜெனிலா.
மசை பட்டு, ஜெனிலாவில் 'லா' கொஞ்சம் அழிந்துவிட்டது.

ஆறே கால் நாகர்கோவில் பஸ்.
தோவாளையில் காலிப் பூச்சாக்குகள் ஏறின,
மணம் மட்டும் மிச்சம்.
இடமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நின்றேன்.
அவர் இருக்கை பின்னால் போகாமலிருக்க
ஒரு செங்கல் செருகி, கயிற்றால் கட்டியிருந்தது.
கயிறு நைந்து பழுப்பாகி இருந்தது.
பைக்குள் கைவிட்டுக் கம்பியைத் தொட்டேன்.
இந்தத் துளைக்கு அளவு எனக்குத் தெரியாது.

வெள்ளமடம் வளைவில்
எதிரே டாரஸ் லாரி வர
அவர் சாய்ந்து, பிரேக்கில் ஏறி மிதித்தார்.

செங்கல்
ஒரு விரற்கடை நகர்ந்தது.