எடை மேடை, சந்தூர்

பொத்தானை அமுக்கினால் காற்றாடி சுற்றுகிறது.
அவ்வளவுதான்.
திரை கறுப்பு.
பெட்டிக்குள் யாரோ நீளமாக ஒருமுறை கத்தி,
மூச்சு வாங்கி,
மறுபடி கத்துகிறார்கள்.

மேடைமேல் திம்மராயனின் லாரி.
பதினோரு டன் பெங்களூரா என்கிறான்.
அவன் சொன்னால் போதாது, நான் சொல்ல வேண்டும்.
நான் சொன்னாலும் போதாது,
இந்தக் கிழடு சொல்ல வேண்டும்.
பின்னால் எட்டு வண்டி, போச்சம்பள்ளி ரோட்டின் வளைவுவரை.
அடித்தட்டுக் காய் நசுங்கி
தாருக்குச் சொட்டுகிறது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா கடைக்குப் போன் போட்டேன்.
"எண்ணுங்கக்கா, நீளமா கத்துதா, குட்டியா?" என்றான் இம்தியாஸ்.
நீளம்.
"அப்ப ராம். கழற்றி ரப்பர் போட்டுத் தேய்ங்க.
முதல்ல சங்கிலி, வளையல் கழற்றிட்டு
கேபினெட் இரும்பைத் தொடுங்க."
நீ வரமாட்டாயா?
"காவேரிப்பட்டணம் ஸ்கூல்ல பன்னிரண்டு சிஸ்டம் படுத்துக் கிடக்கு."

கழற்றச் சங்கிலி இல்லை.
போன ஜூனில் அது பள்ளிக்கட்டணம் ஆயிற்று.
இரும்பை மட்டும் தொட்டேன்.

நான்கு திருகில் ஒன்றுதான் மிச்சம்.
மூடியைத் திறந்தால்
செம்மண், டீசல் கரி, பழ ஈக்களின் சிறகு,
பல்லி முட்டை ஓடு இரண்டு.
டயருக்குக் காற்றடிக்கும் குழாயை நீட்டினான் திம்மராயன்.
வேண்டாம், அதில் ஈரம் வரும் என்றேன்.
எனக்கே ஆச்சரியம்,
இதெல்லாம் எப்போது தெரிந்துகொண்டேன்!

மகள் விட்டுப்போன ரப்பர்,
ஸ்ட்ராபெர்ரி வாசம்.
மாம்பழ ஈ அதையும் மொய்த்தது.
தங்கநிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்,
தூங்கும் குழந்தைக்கு நகம் வெட்டும் பக்குவத்தில்.
திரும்பச் செருகினேன்.
க்ளிக்.
மறுபக்கம் க்ளிக்.

இந்தமுறை ஒரே ஒரு குட்டிச் சத்தம்.
பிறகு வெளிச்சம்.
பிறகு, தேதி:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து.

கரண்ட் போகும்போதெல்லாம் இது அங்கேதான் போய் நிற்கும்.
அப்படியே சீட்டு அடித்துக் கொடுத்தால்
கூழ் ஃபேக்டரி வாசலில் சிரிப்பார்கள்.
ஜனவரியில் மரத்தில் பூதான் இருக்கும்,
பதினோரு டன் பூவை எவன் வாங்குவான்?
காசு அளவில் ஒரு பேட்டரி, முப்பது ரூபாய்.
மூன்று வருடமாகக் கேட்கிறேன்.
"ஓடுதில்ல? விடு, மல்லிகா" என்பார் முதலாளி.

பதினொரு மணிக்கு வந்தார்.
கார் சாவியை மேஜையில் எறிந்துவிட்டு
எதிர்க்கடையில் ஃபேக்டரி ஆளோடு
கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நின்றார்.

சாவி கறுப்பாக, பருமனாக இருந்தது.
விளிம்பில் ஒரு கோடு.
ஒரு ரூபாய் நாணயத்தை அதில் வைத்து நெம்பினேன்.
உள்ளே பளபளவென்று ஒரு வட்டம்.
2032.
பெட்டிக்குள் செத்துக் கிடந்ததன் முதுகிலும்
அதே எண்.

திம்மராயன் சட்டென்று
லாரி டயரைப் பார்க்கப் போய்விட்டான்.

ப்ளக்கைப் பிடுங்கி, மாற்றி, பழையதைச் சாவிக்குள் படுக்கவைத்து மூடி,
எறிந்த கோணத்திலேயே வைத்தேன்.
ஜூன் பதினேழு என்று தட்டினேன்.
அணைத்துப் போட்டேன்.
ஜூன் பதினேழு.
இன்னொரு முறை, ஆசைக்கு.
ஜூன் பதினேழு.

காலி எடை கழித்துப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
"அறுபது கிலோ எங்க போச்சு?" என்றான்.
ரோட்டைக் காட்டினேன்.
ஈக்கள் அதை எடை போட்டுக்கொண்டிருந்தன.

நான்காவது வண்டி ஏறும்போது
முதலாளி வெயிலில் நின்று
காரை நோக்கிச் சாவியை அமுக்குகிறார்.
கிட்டே போய் அமுக்குகிறார்.
உள்ளங்கையில் தட்டுகிறார், ஊதுகிறார்,
தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அமுக்குகிறார்.
கடைசியில் ஜன்னலைப் பார்க்கிறார்.

"பேட்டரியா இருக்கும் சார்.
முப்பது ரூபாதான்."

அடுத்த வண்டி, வாங்க.
கொஞ்சம் முன்னால.
போதும்.